கோலார் தங்கவயல் (கேஜிஎஃப்) குப்பைமேட்டில் இருப்பது தாதுவா, வெறும் மண்ணா?

10 அக்டோபர் 2025 (இந்த இணைய விவாத இழையைத் தொடங்கிய கேள்வி)

"தங்கம் அவுன்ஸுக்கு 4,000 டாலரைத் தாண்டிவிட்டது. கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் இன்னும் தங்கம் கிடக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் 2001-ல் பூட்டினார்கள்? இருக்கிற தங்கத்தை எடுக்காமல் விட்டது சதி என்பதுதான் என் முடிவு. மறுப்பவர்கள் கணக்கோடு வரட்டும்."

11 அக்டோபர்

கணக்கோடு வருகிறேன். நான் தங்கவயலில் பிறந்தவன். பிழைப்புக்குச் செய்தது, பாறையைப் பொடித்து அதில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று பார்க்கும் வேலை. அஸ்ஸே என்போம்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் நின்றது. அப்போது தங்கம் அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 31 கிராமுக்கு, 260, 270 டாலர். இருபது ஆண்டுகளாகக் காணாத அடிமட்டத்தை ஒட்டிய விலை அது. ரூபாயில் கிராமுக்குச் சுமார் 400. கடைசிக் காலத்தில் மேலே வந்த பாறையில் டன்னுக்கு 3 கிராம் அளவில்தான் தங்கம் இருந்தது. அதாவது ஒரு டன் பாறை தன்னிடமுள்ள தங்கம் முழுவதையும் கொடுத்தாலும் கையில் வருவது 1,200 ரூபாய்.

அந்த ஒரு டன் எங்கிருந்து வரவேண்டும்? தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடித்தளம் தரையிலிருந்து 3.2 கிலோமீட்டர் கீழே. ஒரே ஷாஃப்டில், அதாவது செங்குத்துக் குழியில், அவ்வளவு தூரம் இறங்க முடியாது. ஒரு கேஜில் (கூண்டு லிஃப்ட்) இறங்கி, பக்கவாட்டுப் பாதையில் நடந்து, அடுத்த ஷாஃப்டில் ஏறி மறுபடி இறங்கவேண்டும். அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் சுடும், 60 டிகிரிக்கு மேல். மேலே காற்றைக் குளிரவைத்து உள்ளே தள்ளவேண்டும். ஊறும் தண்ணீரை இரவுபகல் இறைக்கவேண்டும். பாறையை வெட்டி எடுத்த வெற்றிடம் உட்காராமல் இருக்க, மேலேயிருந்து கருங்கல்லைக் கீழே அனுப்பிச் சுவர் கட்டவேண்டும். தங்கம் எடுப்பதற்காகக் கல்லைக் கீழே இறக்கிய ஊர் எங்களுடையது. இத்தனையும் செய்ய 1,200 ரூபாய் எப்படிக் கட்டும்? கடைசி ஆண்டுகளில் ஒரு கிராம் எடுக்க ஆன செலவு, அந்தக் கிராம் விற்ற விலையை வெகுவாகத் தாண்டிவிட்டது.

12 அக்டோபர்

"செலவு என்ன ஆனால் என்ன, தங்கம் அங்கே இருக்கிறதா இல்லையா?" என்று திரும்பவும் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. உங்கள் வீட்டு அஸ்திவாரக் கல்லிலும் இருக்கிறது. பூமியின் மேலோட்டுப் பாறை எதை எடுத்தாலும் சராசரியாக ஆயிரம் டன்னுக்கு நாலு கிராம் தங்கம் உண்டு. கடல் தண்ணீரில்கூட உண்டு. முதல் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மனியின் இழப்பீட்டுக் கடனை அடைக்கலாம் என்று ஃபிரிட்ஸ் ஹாபர் கடல் தங்கத்தைத் தேடிப் போனார். அம்மோனியா தயாரிக்க வழிகண்டு நோபல் பரிசு வாங்கிய அதே ஹாபர்தான். கடைசியில், நினைத்ததைவிட மிக மிகக் குறைவாக இருக்கிறது என்று கண்டு கைவிட்டார். ஆகவே இருப்பது பெரிய விஷயமில்லை. எடுக்கிற செலவைத் தாண்டிக் கொடுக்கிற அளவுக்குத் திரண்டு இருக்கிறதா என்பதே கேள்வி. கொடுத்தால் அது தாது. கொடுக்காவிட்டால் கல். கல் மாறாமலே இருக்கும், விலை மாறும்போது ஒரே கல் தாதுவாகும், மறுபடி கல்லாகும்.

இரும்புக்கும் தங்கத்துக்கும் இதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சாதாரணப் பாறையிலேயே நூற்றுக்கு ஐந்து பங்கு இரும்பு. அதை இயற்கை ஒரு பன்னிரண்டு மடங்கு திரட்டிக் கொடுத்தால் நல்ல இரும்புத் தாது கிடைத்துவிடும். தங்கமோ டன்னுக்கு 4 கிராம் வரவே ஆயிரம் மடங்கு திரளவேண்டும்.

12 அக்டோபர், இரவு

இதைச் சொன்னதும் சேலம் கஞ்சமலை நினைவு வந்தது. மலை முழுக்க மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமமும் குவார்ட்ஸ் என்ற வெள்ளைப் படிகக்கல்லும் அடுக்கடுக்காக. நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு அளவில் இரும்பு. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் கல் ஒட்டும். சேலம் உருக்காலைக்கு முதலில் போட்ட திட்டமே அந்த மலையை நம்பித்தான். கடைசியில் அது 1980களின் தொடக்கத்தில் வெளியிலிருந்து வந்த சுருள்களை உருளைகளில் அழுத்தித் துருப்பிடிக்காத தகடாக்கும் ஆலையாக ஓடத் தொடங்கியது. மலை அப்படியே நிற்கிறது. நூற்றுக்கு முப்பத்தைந்து இருந்தும் தோண்டாத மலை அங்கே. பத்து லட்சத்தில் மூன்று பங்குக்காக மூன்று கிலோமீட்டர் தோண்டிய ஊர் இங்கே.

14 அக்டோபர்

"டன்னுக்கு 3 கிராம் என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள்? கண்ணுக்குத் தெரியுமா?" என்று புவியியல் படிக்கும் தம்பி கேட்டிருக்கிறார். இது என் தொழில், நீட்டித்தான் எழுதுவேன்.

கண்ணுக்குத் தெரியாது. ஒரு டன் பாறையில் 3 கிராம் தங்கம் என்பது அளவில் ஒரு சிட்டிகை அரிசிதான். அதுவும் ஒரே இடத்தில் இராது. வெள்ளைக் குவார்ட்ஸுக்குள் தூளாகச் சிதறிக் கிடக்கும். சாம்பியன் லோடு (லோடு என்றால் தாது ஓடும் நரம்பு) என்று பேர்பெற்றது அப்படிப்பட்ட குவார்ட்ஸ் நரம்புதான். கறுத்த ஹார்ன்பிளெண்ட் பாறைக்குள் செங்குத்தாக இறங்கி, நிலத்தின்மேல் அளந்தால் எட்டு கிலோமீட்டர் ஓடும். அகலம் பல இடங்களில் ஓர் ஆள் கை நீட்டினால் முடிந்துவிடும்.

முதல் வேலை மாதிரி எடுப்பது. பாதிப் பிழை இங்கேயே நடந்துவிடும். பளிச்சென்ற துண்டைப் பொறுக்கினால் கணக்கு பொய். நரம்பின் குறுக்கே ஒரே அகலத்தில், ஒரே ஆழத்தில் வெட்டித் தொடர்ச்சியாகச் சேர்க்கவேண்டும். பிறகு உடைத்து, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளவேண்டும். மறுபடி உடை, மறுபடி நாலாக்கு. மூட்டையில் வந்தது கடைசியில் முகத்துக்குப் பூசும் பவுடர்போல ஒரு பொட்டலத்துக்கு வந்து நிற்கும்.

அதில் 50 கிராம் நிறுத்துக்கொள்வோம். ஈய ஆக்சைடு, சோடா, வெண்காரம் சேர்ப்போம். கூடவே கொஞ்சம் மாவு. ஆமாம், சமையல் மாவுதான். ஆயிரம் டிகிரியை ஒட்டிய உலையில் அந்த மாவின் கரி ஈய ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். ஈயம் சொட்டுச்சொட்டாகப் பிறந்து, உருகிய கலவைக்குள் மழையாக இறங்கும். இறங்கும் வழியில் தங்கம், வெள்ளி எது இருந்தாலும் தன்னோடு சேர்த்துக்கொண்டு அடியில் போய் உட்காரும். இரும்பு அச்சில் ஊற்றி ஆறவிட்டுச் சுத்தியலால் தட்டினால், கண்ணாடி மாதிரி கசடு தெறித்துப்போய் ஈயக்கட்டி மட்டும் நிற்கும்.

அடுத்தது எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணம். அதில் ஈயக்கட்டியை வைத்து மறுபடி உலைக்குள். ஈயம் ஆக்சைடாகிக் கிண்ணத்துக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுப் போய்விடும். கடைசித் துளி ஈயம் போகும் நொடியில் உள்ளே மிச்சமிருக்கும் மணி ஒருமுறை பளீரென மின்னும். எத்தனையோ முறை பார்த்தும் எனக்கு அது அலுத்ததில்லை. மின்னிய மணியில் வெள்ளியும் இருக்கும். நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்து, பழுப்பாக ஒரு தூசி மிஞ்சும். காய்ச்சினால் மஞ்சளாகும். டன்னுக்கு 3 கிராம் பாறையென்றால் அந்தத் தூசியின் எடை ஒரு மில்லிகிராமில் ஏழில் ஒரு பங்கு. அதை நிறுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

14 அக்டோபர், பின்னால் சேர்த்தது

ஒன்றை விட்டுவிட்டேன். ஒரே நரம்பில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு மாதிரிகள் ஒன்று 1 கிராமும் மற்றொன்று 20 கிராமும் காட்டும். இரண்டும் சரியாகவே இருக்கும். ஒரு தங்கத்துணுக்கு விழுந்த பொட்டலம் பணக்காரப் பொட்டலம். ஆகவே "எங்கள் நிலத்துக் கல்லில் டன்னுக்கு 20 கிராம் வந்தது" என்று யாராவது ஒரே ஒரு தாளைக் காட்டினால் பணம் கொடுக்காதீர்கள். எத்தனை மாதிரி, யார் எடுத்தது, எப்படி எடுத்தது என்று கேளுங்கள்.

15 அக்டோபர்

கல்லின் படம் போட்டு இது தங்கமா என்று கேட்டவருக்கு: அது பைரைட், தங்கம்போல் மின்னும் இரும்புக் கனிமம். கனசதுரமாக, வெண்கல நிறத்தில் இருக்கிறது. சுத்தியலால் அடித்துப் பாருங்கள், பொடிந்தால் பைரைட், நசுங்கித் தகடானால் தங்கம். அதற்காகத் தூக்கிப் போடவேண்டாம், அழகான படிகம்.

18 அக்டோபர்

குப்பைமேட்டுக்கு வருகிறேன், தலைப்பே அதுதானே. தங்கவயலில் ரயிலில் வந்து இறங்கியவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள், சாம்பலும் பழுப்புமாக மேசைபோலத் தட்டையான மலைகள். சையனைடு மேடு என்போம். இயற்கை மலை ஒன்றும் அல்ல. அரைத்து, தங்கம் எடுத்து, வெளியே கொட்டிய பாறை மாவு.

எப்படி அரைத்தார்கள்? முதலில் ஸ்டாம்ப் ஆலைகள். இரும்பு உலக்கைகள் வரிசையாக எழும்பி விழும், பாறை தண்ணீரோடு சேர்ந்து குழம்பாகும். குழம்பைப் பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மேல் ஓடவிட்டால் தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். வழித்தெடுத்துச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப்போய்த் தங்கம் நிற்கும். அந்த ஆவி எத்தனை பேர் உடம்புக்குள் போனது என்று கணக்கெழுதியவர் இல்லை. ரொம்ப நுண்ணிய தங்கம் இந்தத் தகட்டுக்கு அகப்படாமல் தண்ணீரோடு போய்விடும்.

1887-ல் ஸ்காட்லாந்தில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை எடுத்த முறை இதை மாற்றியது. சையனைடு கரைசலும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்தால் தங்கம் கரையும். சுண்ணாம்பு போட்டுக் காரத்தன்மையைப் பிடித்துவைக்கவேண்டும், இல்லாவிட்டால் விஷவாயு கிளம்பும். கரைந்த தங்கத்தைத் துத்தநாகத்தால் மீட்கலாம். பத்து ஆண்டுக்குள் கோலாருக்கும் வந்துவிட்டது. வந்தவுடன் என்ன செய்தார்கள் தெரியுமா? அதுவரை குப்பை என்று கொட்டியதை அள்ளி மறுபடி பதப்படுத்தினார்கள். குப்பை தாதுவாவது எங்கள் ஊரில் இப்போது புதிதாக நடக்கப்போவது அல்ல.

19 அக்டோபர்

மொத்தம் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்டவருக்கு. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம், ஐந்து கோடி டன் அளவு பாறையிலிருந்து. சராசரி டன்னுக்கு 16 கிராம். தொடக்க ஆண்டுகளில் டன்னுக்கு ஓர் அவுன்ஸுக்கும் மேல் கிடைத்தது, கடைசியில் 3 கிராம். அந்த 800 டன்னையும் ஒரே கட்டியாக வார்த்தால் மூன்றரை மீட்டர் நீளம், அகலம், உயரம். எங்கள் லைன் வீட்டுக்குள் (தொழிலாளர்களின் வரிசைவீடு) முக்கால்வாசி அடங்கிவிடும். கொட்டிய மண் ஊரைச் சுற்றி மலையாக நிற்கிறது.

22 அக்டோபர்

"வெள்ளைக்காரன்தான் கண்டுபிடித்தான்" என்று ஒருவர், "சோழர்தான் கண்டுபிடித்தார்கள்" என்று இன்னொருவர். இருவரும் சண்டையை நிறுத்துங்கள்.

1802-ல் லெப்டினன்ட் ஜான் வாரன் மாரிக்குப்பம் பக்கம் வந்தபோது ஊர்மக்கள் ஏற்கெனவே குழி தோண்டித் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் செய்தது அதைப் பார்த்து எழுதிவைத்தது. 1870களில் மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற படைவீரர் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். அவருக்குப் பணம் போதவில்லை. 1880-ல் லண்டன் கம்பெனிகள் வந்தன, ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகம். அவர்களும் தோண்டித் தோண்டி ஒன்றும் கிடைக்காமல் பணம் தீரும் நிலைக்கு வந்துவிட்டார்கள். மூடிவிடலாம் என்ற பேச்சு. அப்போது 1883-ல் கேப்டன் பிளம்மர் செய்த காரியத்தை நான் எப்போதும் சொல்வேன். புதிய இடம் தேடவில்லை. பழைய மக்கள் விட்டுப்போன குழிகளுக்கு நேர் கீழே இறங்கினார். அங்கே சாம்பியன் லோடு.

பழையவர்கள் ஏன் அங்கே நிறுத்தினார்கள்? தங்கம் தீர்ந்து அல்ல. தண்ணீர் வந்தது, மேலே இறைக்க வழியில்லை. அவர்களுடைய கணக்கு தண்ணீர் மட்டத்தில் முடிந்தது. நீராவி பம்ப்பின் கணக்கு அதற்குக் கீழே தொடங்கியது. இடம் ஒன்று, பாறை ஒன்று.

22 அக்டோபர், இரவு

நீலகிரிப் பக்கத்து நண்பர் பந்தலூர், தேவாலா பற்றிக் கேட்டார். நல்ல கேள்வி, கோலாருக்கு நேர் எதிர்க்கதை. 1879, 80 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரவ் ஸ்மித் தந்த அறிக்கையை நம்பி லண்டனில் பல கம்பெனிகள் வரிசையாகப் பங்கு வெளியிட்டன. காட்டுக்குள் ஆலைகள், பங்களாக்கள். குவார்ட்ஸ் உண்டு, தங்கமும் உண்டு. ஆனால் சொன்ன அளவில் இல்லை. ஓரிரு ஆண்டில் எல்லாம் கவிழ்ந்தது. அந்தக் குழிகள் இன்னும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வாய்திறந்து கிடக்கின்றன. இரவில் இறங்கிச் சுரண்டப்போய் உயிர்விட்டவர்கள் உண்டு. தம்பிகள் யாராவது வீடியோ எடுக்கப் போவதாயிருந்தால் போகாதீர்கள். பழைய சுரங்கத்துக்குள் பிராணவாயு இல்லாத இடம் இருக்கும், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

26 அக்டோபர்

இழையில் சேர்ந்துவிட்ட இரண்டு தகவல்களைத் திருத்துகிறேன்.

"உலகின் ஆழமான சுரங்கம் கேஜிஎஃப்" என்பது ஒரு காலத்துப் பெருமை. இன்று தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கம் நாலு கிலோமீட்டரை ஒட்டிப் போய்விட்டது.

"ஆசியாவிலேயே முதன்முதல் மின்சாரம் வந்த ஊர்" என்பதும் சரியில்லை. டார்ஜிலிங்கில் 1897-லேயே நீர்மின்சாரம், கல்கத்தாவில் 1899-ல் மின்விநியோகம். ஆனால் நடந்தது அதைவிடப் பெரிது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து, கிட்டத்தட்ட 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு உலகிலேயே நீளமான மின்தொடர்களில் அது ஒன்று. பெங்களூர்த் தெருவிளக்குகள் 1905-ல்தான் எரிந்தன. சரியான பெருமை கையில் இருக்கும்போது தவறானதை ஏன் சுமக்கவேண்டும்?

27 அக்டோபர்

ஏர் பிளாஸ்ட் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். வெடிமருந்து இல்லை. இவ்வளவு ஆழத்தில் பாறையின்மேல் மூன்று கிலோமீட்டர் பாறையின் பாரம். நடுவில் ஓர் அடுக்கை வெட்டி எடுத்துவிட்டால் அந்தப் பாரம் பக்கத்துப் பாறைமேல் ஏறும். தாங்குகிறவரை தாங்கிவிட்டு ஒரு நொடியில் வெடித்துச் சிதறும். உள்ளே இருப்பவர்களுக்கு எச்சரிக்கை கிடையாது. மேலே ஊரில் சின்ன பூகம்பம்தான், அலமாரியில் அடுக்கிய பாத்திரம் உருளும். பாத்திரச் சத்தம் கேட்டதும் அம்மா முதலில் கடிகாரத்தைத்தான் பார்ப்பார், எந்த ஷிஃப்ட் உள்ளே இருக்கிறது என்று. பிறகு தெருவில் எல்லாப் பெண்களும் வெளியே வந்து நிற்பார்கள். யாரும் பேசமாட்டார்கள். ஷாஃப்ட் பக்கமிருந்து ஆள் வரும்வரை அடுப்பில் எது இருந்தாலும் அப்படியே இருக்கும்.

இந்த வெடிப்புகளை ஆராய்ந்ததில் எங்கள் ஊர் நிறையச் சொல்லிக்கொடுத்தது. தேசியப் பாறை இயக்கவியல் கழகம் 1988-ல் தங்கவயலில்தான் தொடங்கப்பட்டது. பாறை எங்கே முனகுகிறது என்று கேட்க நிலநடுக்கக் கருவிகளை வரிசையாகப் புதைத்துவைத்தார்கள்.

27 அக்டோபர்

ஆழத்தைப் பற்றிப் பேசும்போது இதை விடமுடியாது. 1965-ல் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற, எதிலும் எளிதில் மோதாத நுண்துகளின் தடயத்தை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து பிடித்தது சாம்பியன் ரீஃபில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே. மற்ற துகள்களையெல்லாம் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் வரும். தங்கம் இல்லாத வெறும் பாறைக்குக் கிடைத்த மதிப்பு அது. சுரங்கம் மூடியபின் பம்ப்புகள் நின்றன, தண்ணீர் ஏறிவிட்டது. தேனி பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட நினைத்ததன் பின்னணியில் இந்த இழப்பும் உண்டு.

2 நவம்பர்

யாரும் கேட்கவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் கணக்கு முடியாது.

குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. அதைத் துளையிடும்போது பறக்கும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது கெடுதல் குறைவு, தும்மினால் வெளியே வந்துவிடும். ஐந்து மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழான தூசிதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். அங்கே தழும்பு விழும். தழும்பு விழுந்த இடத்தில் காற்று நுழையாது. திரும்ப சரியாகாது. சிலிகோசிஸ். அதன்மேல் காசநோய் சுலபமாக வந்து உட்காரும். தண்ணீர் ஊற்றித் துளையிட்டால் தூசி குறையும், அது பின்னால் வந்த ஏற்பாடு. 1940-ல் மைசூர் அரசு சிலிகோசிஸுக்கு இழப்பீட்டு விதிகள் கொண்டுவந்தது. அதற்கு முன் அறுபது ஆண்டு தோண்டியாகிவிட்டது.

யார் நுரையீரல் அது? பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள். நிலமற்றவர்கள், சேரியிலிருந்து வந்தவர்கள். கிராமத்தில் நிமிர்ந்து நடக்கமுடியாதவர்களுக்கு இங்கே மாதச் சம்பளமும் பள்ளிக்கூடமும் கிடைத்தன, அதை மறைக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேர்பிடித்தது அதனால்தான். குற்றவாளிகளைப்போலக் கைரேகை எடுக்க வந்தபோது 1930-ல் ஊரே வேலையை நிறுத்தியது. அந்தத் தன்மானம் எங்கள் தாத்தாக்களுடையது.

எங்கள் லைனில் ஒரு பெரியப்பா இருந்தார், துளையிடும் மிஷின் ஓட்டியவர். ரிட்டையர்டு ஆனபின் வாசலிலிருந்து தெருக்குழாய்க்குப் போக நடுவில் ஒருமுறை உட்காருவார். உட்காரும் இடத்தில் யாரோ ஒரு கல் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். டன்னுக்கு இவ்வளவு கிராம், கிராமுக்கு இவ்வளவு ரூபாய் என்று நான் வாழ்நாள் முழுதும் எழுதிய தாள்களில் அவருக்கென்று ஒரு கட்டம் இல்லை. அதைத்தான் இந்த இழையில் வந்ததிலிருந்து சொல்லப் பார்க்கிறேன். ஒரு பாறையைத் தாது என்று அறிவிக்கும்போது எந்தச் செலவை எழுதினோம், எதை யார் தலையில் விட்டோம் என்று பார்க்கவேண்டும். எல்லாச் செலவையும் எழுதியிருந்தால் 1900-லேயே பல இடங்களைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

3 நவம்பர்

"அப்படியானால் சுரங்கமே கூடாதென்கிறீர்களா?" இல்லை. இதைப் படிக்கிற கைபேசிக்குள்ளும் தங்கம் இருக்கிறது, செம்பு இருக்கிறது. எடுக்கத்தான் வேண்டும். முழுச் செலவையும் எழுதிவிட்டு எடுங்கள் என்கிறேன்.

8 நவம்பர்

இப்போது மேட்டின் கணக்கு. தங்கவயலில் 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். அதைத் திறந்தவெளியில் அள்ளிப் பதப்படுத்தும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ல் ஒப்புதல் கொடுத்தது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. 0.7 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 23 டன் தங்கம் வருகிறது. அத்தனையும் மீளாது. பாதி மீண்டால்கூட, கிராம் 11,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு டன் மண்ணுக்கு 3,850 ரூபாய். 2001-ல் மூன்று கிலோமீட்டர் கீழேயிருந்து வந்த பாறைக்கு 1,200. இது தரைக்கு மேலேயே கிடக்கிறது, ஏற்கெனவே அரைத்தாகிவிட்டது. அரைப்பதுதான் பெரிய மின்செலவு, அது முன்னோர் கொடுத்துவிட்ட செலவு.

9 நவம்பர்

நேற்றைய ஒப்பீட்டில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். 2001-ன் 1,200 ரூபாயும் இன்றைய 1,200 ரூபாயும் ஒன்றல்ல. விலைவாசியைச் சேர்த்தால் அந்தப் பழைய டன் இன்றைய மதிப்பில் 3,850-ஐ ஒட்டியோ தாண்டியோகூடப் போகலாம். ஆனாலும் முடிவு மாறாது, ஏனென்றால் இறங்கும் செலவு இல்லை. ஆழத்தில் மிச்சமிருப்பதைப் பற்றி இழை தொடங்கியவர் கேட்டார். அங்கே போக முதலில் இத்தனை ஆண்டுத் தண்ணீரை இறைக்கவேண்டும். தண்ணீரில் ஊறிய தாங்குசுவர்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கவேண்டும். 4,000 டாலர் விலையிலும் அதை நான் தாது என்று கையெழுத்துப் போடமாட்டேன். மேட்டுக்குப் போடுவேன், நிபந்தனையோடு.

9 நவம்பர், இரவு

மேட்டில் மாதிரி எடுப்பதைப் பற்றித் தம்பிக்கு: மேலே இருக்கும் மண்ணை மட்டும் அள்ளிச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. அடியில் கிடப்பது பழைய ஆலையின் கழிவு. அது சரியாக மீட்காத காலம், அதனால் தங்கம் கூடுதலாக இருக்கும். மேலே போகப்போகத் திறமையான காலத்துக் கழிவு. துரப்பணக் குழாயை உச்சியிலிருந்து அடித்தரைவரை இறக்கி, ஒவ்வொரு மீட்டரையும் தனிப் பையில் போடவேண்டும். மழை தங்கத்தைக் கரைத்துக் கீழடுக்குக்கு இறக்கியிருக்கவும் கூடும், சையனைடு மிச்சமிருந்த மண் அல்லவா.

16 நவம்பர்

நிபந்தனை என்னென்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்.

மேட்டில் இன்று சையனைடைவிடத் தூசிதான் எனக்குப் பயம். வெயிலும் காற்றும் சையனைடில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். நுண்ணிய சிலிக்காவைச் சிதைக்காது. மேற்குப் பக்கத்து லோடுகளின் பாறையில் ஆர்சனிக் கலந்த கனிமமும் உண்டு, அதுவும் அந்த மாவில்தான் இருக்கிறது. கோடைக்காற்றில் இப்போதே வீட்டுக்குள் வருகிறது, துவைத்த துணியில் படிகிறது. லாரியும் பொக்லைனும் ஏறினால் பல மடங்கு பறக்கும். ஆகவே நீர் ஜெட்டால் கரைத்துக் குழாய்வழி கூழாகக் கொண்டுபோகவேண்டும், காய்ந்த மண்ணாக அள்ளக்கூடாது. தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க்கைச் சுற்றிய பழைய மேடுகளை அப்படித்தான் எடுக்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து என்று கேட்பீர்கள். சுரங்கத்துக்குள் நிரம்பிக் கிடக்கிற தண்ணீரைச் சோதித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, 3.3 கோடி டன் அள்ளினால் 3.3 கோடி டன் மறுபடி கொட்டவேண்டும். எடுக்கும் தங்கம் அதில் எடைக்கே வராது. எங்கே கொட்டுவது, அடியில் என்ன விரிப்பது, மேலே என்ன மூடுவது, யார் காவல் என்பது ஏலப் பத்திரத்திலேயே வேண்டும். பணம் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கவேண்டும். தங்கம் எடுத்து முடித்தபின் கேட்டால் கேட்பவர் இருக்கமாட்டார்.

மூன்றாவது, வேலை. அதிகாலை ரயிலில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு நின்றுகொண்டே போய் இரவு திரும்புகிற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். முதல் உரிமை அவர்களுக்கு. சேரும் நாளில் நெஞ்சு எக்ஸ்ரே, பிறகு ஆண்டுதோறும், படம் அவர்கள் கையில். விட்டுப்போன பிறகும் அந்தப் பரிசோதனை தொடரவேண்டும். இந்த நோய் வேலையை விட்ட பின்னும் வளரும்.

17 நவம்பர்

இழையைத் தொடங்கியவர் "சதி இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் 2001-ல் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாமே" என்கிறார். அது நியாயமான கேள்வி. 2011-ல் விலை 1,900 டாலரைத் தொட்டது, மூடியபோது இருந்ததைப்போல ஏழு மடங்கு. பம்ப்புகளை மட்டும் ஓடவைத்திருந்தால் கதவு திறந்தே இருந்திருக்கும். பம்ப் ஓட்டும் மின்கட்டணத்தைப் பத்து ஆண்டு யார் கொடுப்பது என்பதற்கு அப்போது யாரிடமும் விடையில்லை. ஆழப்பகுதியை விட்டுவிட்டு மேல்மட்டங்களை மட்டும் தண்ணீர் ஏறாமல் வைத்திருக்க முடிந்திருக்குமா என்று பழைய பம்ப் பிரிவு ஆட்கள் யாராவது இங்கே படித்தால் எழுதுங்கள். நான் உலைப்பக்கத்து ஆள், அந்தக் கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது.